நூலக பீரோவைத் திறக்க உங்கள் கம்ப்யூட்டர் உதவும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில மாதங்களில் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இதை வைத்து உருப்படியாக வேறு என்ன செய்யலாம்?" இந்தக் கட்டுரையில் ஒரு பதில் சொல்கிறேன். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் நூலகத்தை உயிர் பெறச் செய்யலாம். பெரிய செலவு இல்லை. புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதும் இல்லை. டைப் செய்யவும், பைல் சேமிக்கவும் தெரிந்தால் போதும்.

நான் கணியம்பாடி வட்டாரத்தை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள ஊர் இது. உழவு, நூறு நாள் வேலை, வேலூர்ப் பக்கம் தினக்கூலி, தோல் மற்றும் ஷூ கம்பெனி வேலை என்று பல குடும்பங்கள். வீட்டில் ஒரே ஒரு செல்போன் இருக்கும். அதையும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். இந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகமும் கம்ப்யூட்டரும் ஒரே இடத்தில் கிடைக்கக்கூடிய இடம் பள்ளிதான்.

பூட்டு ஏன் விழுகிறது?

பல பள்ளிகளில் புத்தகங்கள் இல்லாமல் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், பத்திரிகை, கதைப் புத்தகம் உள்ளிட்டவை கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் 2023 முதல் சிறு சிறு கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குத் தந்துள்ளது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் அவை அமைந்துள்ளன.

ஆனால் புத்தகங்கள் பீரோவுக்குள் இருக்கும். சாவி ஓர் ஆசிரியரிடம் இருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. இருப்புப் பதிவேட்டில் அவர் கையெழுத்திட்டிருப்பார். ஒரு புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் தன்னைக் கேட்பார்களோ, தன் கைக்காசைக் கட்ட வேண்டுமோ என்ற பயம் இருக்கும். எனவே தொலையாமல் இருக்க ஒரே வழி, கொடுக்காமல் இருப்பது என்று ஆகிவிடுகிறது.

இந்தப் பயத்துக்கு மத்திய அரசின் பொது நிதி விதிகளில் ஒரு மருந்து இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு விதிகளிலும், பிறகு வந்த 2017-ஆம் ஆண்டு விதிகளிலும் இது உள்ளது. ஓர் ஆண்டில் 1,000 நூல்கள் வழங்கப்பட்டால் அல்லது பார்வையிடப்பட்டால், அதில் 5 நூல்கள் வரை தொலைவதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம். அலட்சியமோ நேர்மையின்மையோ காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூல், அரிய நூல் என்றால் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கணக்கு, எத்தனை நூல்கள் வெளியே சென்றன என்பதை வைத்துத்தான் வருகிறது. 2,000 முறை புத்தகம் கொடுத்ததற்குப் பதிவு இருந்தால் 10 புத்தகம் வரை இயல்பு. பதிவே இல்லை என்றால் ஒரு புத்தகத்துக்குக் கூடப் பதில் சொல்ல முடியாது. இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி. மாநில அரசுப் பள்ளியில் நடைமுறை எப்படி என்பதைத் தலைமையாசிரியர் சொல்வார். ஆனாலும் நியாயம் எல்லா இடத்துக்கும் ஒன்றுதான். நல்ல பதிவேடு இருந்தால் பீரோவைப் பயமில்லாமல் திறக்கலாம். இங்கேதான் உங்கள் கம்ப்யூட்டர் வருகிறது.

நமக்கு முன்னோடிகள் உண்டு

நூலகம் என்றால் புத்தகக் கிடங்கு அல்ல என்று உலகத்துக்கே சொன்னவர் நம் சீர்காழிக்காரர். 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணிதப் பேராசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் 1931-இல் நூலாக வந்தது. நூல்கள் பயன்படத்தான் இருக்கின்றன என்பதே முதல் விதியின் சாரம். அதே 1931-இல், அக்டோபர் 21 அன்று, மன்னார்குடிப் பகுதியில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை உருவாக்கிய மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்தவரும் அவரே. வாசகர் வராவிட்டால் புத்தகமே வண்டி ஏறிப் போனது.

அடுத்தது, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல். ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய முறையிலிருந்து வந்தது இது. 2007-08-இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அட்டைகளைத் தாங்களே எடுத்தார்கள். சுவரின் அடிப்பகுதியில், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புகளுக்கு 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. பெயர் மாறினாலும், பொருள் பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும் என்ற எண்ணம் நூலகத்துக்கும் பொருந்தும்.

வெளிநாட்டிலும் இதே போக்குதான். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஃபேயட்வில் என்ற சிற்றூர்ப் பொது நூலகம், 2011-இல் முப்பரிமாண பிரிண்டர் வைத்துச் செய்துபார்க்கும் கூடத்தை அமைக்க முன்வந்தது. நம் நாட்டில் 2016-இல் நிதி ஆயோக் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தைத் தொடங்கியது. தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தமிழகத்தில் 2019 முதல் 6,000-க்கும் மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன.

அப்படியானால் நூலகத்தில் எதற்கு இன்னொரு கம்ப்யூட்டர் என்று கேட்கலாம். ஆய்வகத்தில் கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருக்கும். ஆளுக்கு ஒரு திரை. தேர்வும் பயிற்சியும் நடக்கும். நூலகத்தில் தேவைப்படுவது ஒரு வட்ட மேசை, நடுவில் புத்தகம், ஓரத்தில் ஒரு கம்ப்யூட்டர், சுற்றி நான்கு பிள்ளைகள். இரண்டும் வேறு வேறு வேலை.

முதல் வேலை: புத்தகப் பட்டியல்

பெரிய நூலகங்கள் கோஹா போன்ற இலவச நூலக சாப்ட்வேரைப் பயன்படுத்துகின்றன. நியூசிலாந்தில் 1999-இல் உருவானது அது. ஆனால் ஆயிரம் புத்தகம் உள்ள பள்ளிக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டே போதும். லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைத் திறந்து கொள்ளுங்கள். எக்செல் இருந்தாலும் சரி.

1. முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: பதிவு எண், நூலின் பெயர், ஆசிரியர், படிநிலை, பொருள், விலை, அடுக்கு எண்.

2. வியூ மெனுவில் ப்ரீஸ் செல்ஸ் சென்று முதல் வரிசையை நிலைநிறுத்துங்கள். பட்டியல் எவ்வளவு கீழே போனாலும் தலைப்பு மறையாது.

3. பதிவு எண், பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் உள்ள அதே எண்ணாக இருக்கட்டும். நீங்களாகப் புது எண் கொடுக்க வேண்டாம். தணிக்கைக்கு இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

4. படிநிலைக் கட்டத்தில் நுழை, நட, ஓடு, பற என்றே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அது பழகிய சொல். மற்ற நூல்களுக்கும் ஆசிரியரைக் கேட்டு அதே பெயரில் பிரிக்கலாம்.

5. டேட்டா மெனுவில் ஆட்டோ பில்டர் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் சிறிய அம்புக்குறி தோன்றும். பொருள் என்பதில் கிளிக் செய்து "பறவை" தேர்ந்தெடுத்தால் பறவை நூல்கள் மட்டும் வரும்.

6. அதே பைலில் இரண்டாவது ஷீட் ஒன்று திறந்து, தேதி, பதிவு எண், மாணவர் பெயர், வகுப்பு, திரும்பிய தேதி என்று வைத்தால் அதுவே வழங்கல் பதிவேடு.

நான் டைப் செய்து பார்த்ததில், பழகிய பிறகு ஒரு புத்தகத்துக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகிறது. 1,200 புத்தகங்களுக்கு 20 மணி நேரம். நான்கு வீட்டார் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 5 மணி நேரம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்துவிடும். பதிவேட்டின் பக்கங்களைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் வீட்டிலிருந்தே டைப் செய்யலாம். மாணவர் பெயர் உள்ள வழங்கல் ஷீட் மட்டும் பள்ளிக் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும். அதை வாட்ஸ்அப்பில் சுற்றவிடக் கூடாது.

முக்கியமான எச்சரிக்கை. யூனிகோட் தமிழில் மட்டுமே டைப் செய்யுங்கள். டைப்பிங் சென்டர்களில் பழகிய பழைய எழுத்துருக்களில் டைப் செய்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் எல்லாம் குழம்பிய எழுத்தாகத் தெரியும். தேடினாலும் கிடைக்காது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுவிட்டது. விசைப்பலகைக்கு 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 முறை நல்லது. பிள்ளைகளும் விரைவில் கற்றுக்கொள்வார்கள்.

இரண்டாவது வேலை: நெட் இல்லாத இன்டர்நெட்

நூலகக் கம்ப்யூட்டருக்கு இணைப்பு இல்லாமல் இருக்கலாம். அதனால் குறை ஒன்றும் இல்லை. கிவிக்ஸ் என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. விக்கிப்பீடியாவை முழுவதுமாக ஒரே பைலாக டவுன்லோட் செய்து, இணைப்பே இல்லாமல் படிக்க உதவுகிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. இன்று 1.5 லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் உள்ளன. வீட்டில் நெட் உள்ளவர் டவுன்லோட் செய்து பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். பைல் பெரியதாக இருப்பதால் பென் டிரைவை எக்ஸ்பேட் அல்லது என்டிஎப்எஸ் முறையில் பார்மட் செய்திருக்க வேண்டும். பழைய பேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு பைல் ஏறாது.

இதோடு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள், அரவிந்த் குப்தாவின் தளத்தில் உள்ள பொம்மை செய்யும் செய்முறைகள் ஆகியவற்றையும் தனித்தனி போல்டரில் போட்டு வையுங்கள். ஐஐடியில் படித்த அரவிந்த் குப்தா, தீக்குச்சி, சைக்கிள் வால்வ் டியூப், பழைய பேப்பர் ஆகியவற்றில் அறிவியல் பொம்மைகள் செய்து காட்டியவர். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் வெளியிடும் துளிர் இதழும் மேசைமேல் இருக்க வேண்டியது. புத்தகத்தில் படித்ததை உடனே செய்து பார்க்க ஒரு பெட்டியில் கத்தரி, கோந்து, நூல், அட்டை, காந்தம் வைத்தால் போதும்.

ஒரு மவுஸ், நான்கு பிள்ளைகள்

1999 ஜனவரி 26 அன்று டெல்லி கால்காஜியில் சுகதா மித்ரா ஒரு சுவரில் ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டர் வைத்தார். ஆசிரியர் இல்லாமலே பிள்ளைகள் பழகினார்கள். உலகமே வியந்தது. ஆனால் பிறகு போய்ப் பார்த்தவர்களில் சிலர், படம் வரைவதும் விளையாட்டும்தான் அதிகம் நடந்தது என்றும் எழுதினார்கள். கம்ப்யூட்டரை வைத்தால் மட்டும் போதாது, சுற்றி ஒரு வேலை இருக்க வேண்டும் என்பதே இதில் நாம் கற்க வேண்டியது.

பெங்களூரில் உள்ள மைக்ரோசாப்ட் ரிசர்ச் இந்தியா ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். கிராமப் பள்ளிகளில் ஒரு கம்ப்யூட்டரைப் பல பிள்ளைகள் சூழ்ந்திருப்பார்கள். மவுஸ் மட்டும் ஒருவர் கையிலேயே இருக்கும். எனவே ஒரே கம்ப்யூட்டரில் பல மவுஸ், ஆளுக்கு ஒரு தனி அம்புக்குறி என்று செய்து பார்த்தார்கள். 2007-இல் வெளியான அவர்கள் ஆய்வில் ஒரு செய்தி சுவையானது. யார் முதலில் என்று போட்டி வைத்தபோது ஆண் பிள்ளைகள் யோசிக்காமல் கிளிக் செய்து தள்ளினார்கள், கற்றது குறைந்தது. எல்லோரும் ஒரே விடையைத் தேர்ந்தால்தான் அடுத்த திரை வரும் என்று வைத்தபோது பேசி முடிவெடுத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு இரண்டு மவுஸ் வாங்கிச் செருகி விடாதீர்கள். சாதாரண விண்டோஸில் இரண்டும் ஒரே அம்புக்குறியைத்தான் இழுக்கும். அதற்குப் பதில் நால்வருக்கும் வேலை பிரித்துக் கொடுங்கள். ஒருவர் மவுஸ், ஒருவர் புத்தகம், ஒருவர் நோட்டு, ஒருவர் கேள்வி கேட்பவர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். 40 நிமிடப் பாடவேளையில் நால்வரும் நான்கு வேலையும் செய்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு மவுஸ் கிடைக்கிறதா என்பதைத் தனியாகக் கவனியுங்கள்.

கணியம்பாடிக்கு ஏற்ற செயல்திட்டம்: தண்ணீர்

எந்த வேலையைக் கொடுக்கலாம்? எங்கள் பக்கத்துக்குத் தண்ணீரை விட நல்ல பாடம் இல்லை. ஜவ்வாது மலைப் பக்கமிருந்து வரும் நாகநதி வறண்டு கிடந்தது. 2014-இல் தொடங்கிய பணியில், ஊரக வேலைத் திட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கான பெண்கள் செறிவூட்டல் கிணறுகளையும் தடுப்புகளையும் கட்டினார்கள். 2021 செப்டம்பர் 26 மன் கீ பாத் உரையில் பிரதமர் இதைக் குறிப்பிட்டார். அந்தப் பெண்களின் பிள்ளைகள்தான் இந்தப் பள்ளிகளில் படிக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் பாலாறு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு தோல் பதனிடும் நிலையங்களின் கழிவு பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்பவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற தீர்ப்பு அது. 2025 ஜனவரி 30 அன்றும் இதே பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தோல் கெடாமலிருக்க உப்பு போடுகிறார்கள். ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு தண்ணீரில் கலக்கிறது. சாதாரணச் சுத்திகரிப்பில் உப்பு போகாது. பிள்ளைகளின் சித்தப்பாவோ மாமாவோ அந்த வேலையில் இருப்பார். கேட்டால் தொழிலின் சொற்களையும் படிகளையும் அவரே சொல்வார்.

செய்முறை இதுதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைத் தோராயமாகக் காட்டும். நால்வர் குழு ஒன்று தங்கள் தெருவின் குழாய், போர்வெல், கிணற்று நீரைப் பாட்டிலில் கொண்டு வரட்டும். அளந்து ஸ்ப்ரெட்ஷீட்டில் தேதி, இடம், அளவு என்று பதியட்டும். இன்சர்ட் மெனுவில் சார்ட் கிளிக் செய்தால் வரைபடம் தயார். இந்தியத் தர நிறுவனத்தின் 2012-ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. வேறு நீர் இல்லாத நிலையில் 2,000 வரை அனுமதி. மழைக்கு முன், மழைக்குப் பின் என்று ஒரு வருடம் பதிந்தால், அந்த ஊருக்கே பயன்படும் பதிவாகிவிடும்.

இரண்டு எச்சரிக்கை. இந்த மீட்டர் கிருமியைக் காட்டாது, குரோமியத்தையும் தனியாகக் காட்டாது. அளவு குறைவு என்பதால் குடிக்கலாம் என்று முடிவு செய்யக் கூடாது. திறந்த கிணற்றருகே பிள்ளைகள் தனியாகப் போகக் கூடாது. நீரைப் பெரியவர்கள்தான் எடுத்துத் தர வேண்டும்.

பழைய கம்ப்யூட்டரைக் கொடுக்கும் முன்

வீட்டில் புதியது வந்ததும் பழையதைப் பள்ளிக்குக் கொடுக்கலாம். 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவையும் சில வீடுகளில் சும்மா இருக்கும். கொடுக்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

பைல்களை டெலீட் செய்வதால் மட்டும் அவை அழியாது, மீட்டெடுக்க முடியும். விண்டோஸில் ரீசெட் திஸ் பிசி சென்று, ரிமூவ் எவ்ரிதிங், அதில் கிளீன் டேட்டா என்பதையும் தேர்ந்தெடுங்கள். உங்கள் படங்களை முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாப்டின் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நெட்டில் இணைக்கும் பழைய கம்ப்யூட்டராக இருந்தால் லினக்ஸ் போடுவது நல்லது. நம் நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இலவசம். லிப்ரே ஆபீஸும் கிவிக்ஸும் லினக்ஸிலும் ஓடும்.

யாரோ ஓர் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள். தலைமையாசிரியர் வழியாகப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, இருப்பில் ஏற்றச் சொல்லுங்கள். குழுவில் பெற்றோரே பெரும்பான்மை என்பதால் நீங்களே இதை எழுப்பலாம். பணமாகவோ பொருளாகவோ தர விரும்புவோருக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி திட்டமும் உண்டு.

பட்டியல் முடிந்ததும் இரண்டு பிரிண்ட் எடுங்கள். ஒன்று தலைமையாசிரியர் மேசைக்கு. மற்றொன்று பீரோ கதவின் வெளிப்பக்கம் ஒட்ட, பிள்ளைகளின் கண் உயரத்தில். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால், திறக்கச் சொல்லி அவர்களே கேட்பார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமையே முதல் ஐம்பது புத்தகங்களை டைப் செய்து பாருங்கள்!